அனுபவம் என்னும் கட்டம்

(சுந்தரபாண்டியபுரத்தில் ஆடி மாதம் ஒரு மாலை நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆடி மாதத்தில் இந்த ஊருக்கு வருகிறவர்கள் சூரியகாந்தியைப் பார்க்கத்தான் வருவார்கள். நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் நின்ற தம்பி ஒருவர், நான் கேட்காமலே, "பூ வயலுக்கா சார்? இந்தப் பக்கம் போங்க" என்று கைகாட்டினார். 'ரோஜா' படம் வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் அந்தப் படத்தின் ஊர்தான். பேச்சுக் கேட்கவோ பேசவோ வந்தவருக்கு வழிகாட்டி அந்தத் தம்பிக்குப் பழக்கமில்லை. அவர் மேல் குற்றமில்லை.

அவைத்தலைவர் என்னை அறிமுகம் செய்துவைத்தார். பட்டங்கள், கல்லூரி, எத்தனை வருடப் பணி, எத்தனை கட்டுரை என்று ஒன்று விடாமல் வாசித்தார். ஆனால் ஒன்று விடுபட்டது. நான் எழுதிக்கொடுத்த தாளிலேயே அது கிடையாது. கல்லூரிக்கு வருமுன் நாலரை வருடம் ஒரு கிராமக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். உரக்கடன், நகைக்கடன், தவணை தவறியோர் பட்டியல், இதெல்லாம்தான் வேலை. கல்லூரி நேர்காணலுக்குப் போனபோது விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்றொரு கட்டம் இருந்தது. பெருமையாக எழுதியிருந்தேன். குழுவில் இருந்த ஒருவர் பேனாவை எடுத்து அதன் மேல் ஒரு கோடு இழுத்து, "இது கணக்கில் வராது" என்றார். நான் செய்ததே கணக்கு வேலை. அது கணக்கில் வராதாம். வேலை கிடைத்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து எந்தத் தாளிலும் அந்த நாலரை வருடத்தை நான் எழுதியதில்லை.

இன்றைய பேச்சு அந்தக் கோட்டைப் பற்றியதுதான். பல்கலைக்கழகங்களில் துணைவேந்தராகவும் பேராசிரியராகவும் அமர்ந்தவர்கள் அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அந்தப் பழைய தொழில் வாசலோடு நின்றுவிட்டதா, உள்ளேயும் வந்ததா?

நம் பகுதிக் கல்லூரிகள் இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்திலிருந்தே தொடங்கலாம். 1990இல் அதற்குப் பெயர் வைத்தபோது ஒரு நாடகத்தின் பெயரையும் அதை எழுதியவர் பெயரையும் சேர்த்தே வைத்தார்கள்: மனோன்மணீயம் சுந்தரனார். சுந்தரம் பிள்ளை 1855இல் ஆலப்புழையில் பிறந்தவர். திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்தார்; அந்தப் பள்ளிதான் பின்னால் ம.தி.தா. இந்துக் கல்லூரி ஆனது. பிறகு திருவனந்தபுரத்தில் மகாராஜா கல்லூரி. நடுவில் திருவிதாங்கூர் அரசின் வருவாய்த் துறையில் அதிகாரி. மறுபடியும் கல்லூரிக்கே தத்துவப் பேராசிரியர். 1891இல் மனோன்மணீயம் வந்தது. 1897இல், 42 வயதில், காலமானார்.

அவர் கற்பித்தது தத்துவம். தேடி அலைந்ததோ கல்வெட்டுகள். திருவிதாங்கூரின் பழைய அரசர்களைக் கல்வெட்டிலிருந்து மீட்டார். திருஞானசம்பந்தரின் காலத்தைச் சான்றோடு நிறுவப் பார்த்தார். தத்துவம் சொல்லிக்கொடுக்கிறவருக்குக் கல்வெட்டின் மேல் என்ன மோகம்? நிலம், வரி, ஆவணம் என்று சில வருடம் பார்த்த கண் அது என்று நான் நினைத்துக்கொள்வேன். இது என் ஊகம். ஆனால் கணக்குப் புத்தகம் பார்த்துப் பழகியவனுக்கு அந்த ஊகம் எளிதாக வரும்.

இனி வக்கீல்கள். இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேசப் போகிறேன், ஏனென்றால் இது நம் சீமைக் கதை. 1930களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர்களாக இருந்தவர்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். எட்டயபுரத்தில் பிறந்த நாவலர் சோமசுந்தர பாரதியார், தூத்துக்குடியில் வக்கீல். திருநெல்வேலி கா.சுப்பிரமணிய பிள்ளை, சட்டத்தில் எம்.எல். முடித்து 'எம்.எல். பிள்ளை' என்றே பெயர் பெற்றவர், சென்னைச் சட்டக் கல்லூரியில் ஆசிரியர். எஸ். வையாபுரிப் பிள்ளை, திருவனந்தபுரத்திலும் நெல்லையிலும் வக்கீல். இராஜவல்லிபுரத்து ரா.பி. சேதுப்பிள்ளை, நெல்லையில் வக்கீல். தாமிரபரணித் தண்ணீர் குடித்தால் சட்டம் வரும், சட்டம் முற்றினால் தமிழ் வரும் என்று யாராவது ஒரு சூத்திரம் எழுதியிருக்கலாம்.

காரணம் தண்ணீர் இல்லை. அன்று தமிழ் மட்டும் படித்தவருக்குப் பண்டிதர் வேலை. பண்டிதருக்குச் சம்பளமும் குறைவு, மரியாதையும் குறைவு. தமிழ் மேல் ஆசை இருந்த பட்டதாரிப் பையனை வீட்டில், "முதலில் பி.எல். முடி, பிறகு கம்பனைப் படி" என்றார்கள். பல்கலைக்கழகங்கள் தமிழ்த்துறை வைத்தபோது ஆங்கிலமும் தெரிய வேண்டும், தமிழும் ஆழமாகத் தெரிய வேண்டும் என்று ஆள் தேடின. அப்படிப்பட்டவர்கள் கோர்ட்டு வளாகத்தில்தான் கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

கோட்டைக் கழற்றிவிட்டு வந்தார்கள், தொழிலைக் கழற்றவில்லை. சோமசுந்தர பாரதியாரைப் பாருங்கள். வ.உ.சி.க்கு நெருங்கிய நண்பர். தன்னிடம் இரண்டல்ல, மூன்று கப்பல் உண்டு, மூன்றாவது இந்தச் சோமசுந்தரம் என்று வ.உ.சி. வேடிக்கையாகச் சொல்வாராம். 1933 முதல் 1938 வரை அண்ணாமலையில் தமிழ்த்துறைத் தலைவர். அவர் எழுதிய ஒரு நூலின் பெயர் 'தசரதன் குறையும் கைகேயி நிறையும்'. ஊரே தூற்றும் ஒருத்திக்கு வக்காலத்து! கைகேயியை மணக்கும்போதே நாட்டை அவளுக்குப் பரிசப் பணமாகக் கொடுத்தாகிவிட்டது. பிறகு இராமனுக்கு முடிசூட்டத் தசரதனுக்கு உரிமை ஏது என்பது வாதம். சொத்து வழக்குப் பார்த்த வக்கீல் இராமாயணத்தைப் படித்தால் முதலில் கண்ணில் படுவது பத்திரம்தான். ஒப்புக்கொள்வதும் ஒப்புக்கொள்ளாததும் உங்கள் விருப்பம். ஆனால் பண்டிதர் மரபில் மட்டும் வளர்ந்தவருக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்குமா?

வையாபுரிப் பிள்ளை வேறு வகை. 1926இல் தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியராகப் போனார். அந்த அகராதிக்கு முதல் பதிப்பாசிரியர் சாண்ட்லர் என்ற அமெரிக்கப் பாதிரியார். பாதிரியார் தொடங்கினார், வக்கீல் முடித்தார். 1936இல் ஆறு தொகுதிகள் நிறைவாயின; 1939இல் அனுபந்தம் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். ஒவ்வொன்றுக்கும் பொருள் சொன்னால் போதாது. எந்த நூலில், எந்த இடத்தில் அந்தப் பொருளில் வந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். சாட்சி இல்லாமல் எதையும் ஏற்காத புத்தி அது. அதே புத்தியோடு சங்க நூல்களின் காலத்தையும் கணித்தார். பல நூல்களைப் பின்னுக்குத் தள்ளினார். தமிழறிஞர்கள் கொதித்தார்கள். இன்றும் அவர் பெயரைச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவருடைய கால முடிவுகளில் சில எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் அவரை மறுக்க வந்த ஒவ்வொருவரும் சான்று தேடித்தான் வர வேண்டியிருந்தது. அதுவே அவர் செய்த உபகாரம்.

சேதுப்பிள்ளை என் மனசுக்கு நெருக்கமானவர். மேடையில் எதுகை மோனையோடு அவர் பேசியதைப் பின்பற்றி, பின்னால் வந்த பேச்சாளர்கள் பலர் கெட்டுப்போனார்கள். அந்தப் பழி அவருக்கு வேண்டாம். வக்கீலாக இருந்தபோதே நெல்லை நகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுத் துணைத் தலைவராகவும் இருந்தார். தெருக்களின் பெயர்கள் சிதைந்து கிடப்பதைக் கண்டு பழைய பெயர்களைத் தேடிப் பிடித்துத் திருத்தினார். நகராட்சி உறுப்பினர் சாக்கடையைப் பார்ப்பார், குழாயைப் பார்ப்பார். இவர் பெயர்ப் பலகையைப் பார்த்தார். பின்னால் 'ஊரும் பேரும்' என்ற நூல் எப்படிப் பிறந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. 1930இல் அண்ணாமலைக்கும் 1936இல் சென்னைக்கும் போனார். சென்னையில் தலைவர் வையாபுரிப் பிள்ளை. அடுத்த நாற்காலியில் சேதுப்பிள்ளை. திருநெல்வேலிக் கோர்ட்டிலிருந்து இரண்டு வக்கீல்கள் மெரினாவுக்கு எதிரே பத்து வருடம் ஒரே துறையில்! 1955இல் தமிழுக்கான முதல் சாகித்திய அகாதெமி விருது அவருடைய 'தமிழின்பம்' நூலுக்குக் கிடைத்தது.

இந்த மேடைக்குப் பொருத்தமான இன்னொரு செய்தியும் உண்டு. தாயார் சொர்ணம்மாள் பெயரில் அண்ணாமலையிலும் சென்னையிலும் அறக்கட்டளைச் சொற்பொழிவு நிறுவியவர் அவர். தமிழில் எத்தனையோ நல்ல ஆய்வு நூல்கள் சொர்ணம்மாள் சொற்பொழிவுகளாகப் பிறந்தவை. இன்று நாம் உட்கார்ந்திருப்பதும் அந்த வழக்கத்தின் நிழலில்தான்.

குற்றாலத்துக்கு இவ்வளவு அருகில் நின்றுகொண்டு இரசிகமணி டி.கே.சி.யைச் சொல்லாமல் போனால் சாரல்கூட மன்னிக்காது. அவரும் பி.எல். படித்தவர்தான், இந்து அறநிலைய வாரிய ஆணையராக இருந்தவர். எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்ததில்லை. வீட்டு முற்றத்து வட்டத்தொட்டியே அவருடைய துறை. வருகைப் பதிவேடு கிடையாது, வந்தவர்கள் எழுந்து போகவும் மாட்டார்கள்.

துணைவேந்தர்களுக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. ஆரம்ப காலத்தில் அந்தப் பதவி நீதிபதிகளுக்கும் பெரிய அதிகாரிகளுக்கும் ஒரு கூடுதல் மாலை மாதிரி. முதல் இந்தியத் துணைவேந்தர் எஸ். சுப்பிரமணிய ஐயரும் உயர் நீதிமன்ற நீதிபதியே. அப்புறம் 1942இல் ஒரு மருத்துவர் வந்தார். அதுவும் மகப்பேறு மருத்துவர். ஆ. இலட்சுமணசாமி முதலியார். 1969 வரை, 27 வருடம். சென்னை மருத்துவக் கல்லூரிக்கு முதல் இந்திய முதல்வராக இருந்தவர். அவர் எழுதிய மகப்பேற்று நூலைத் தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்கள் படித்தார்கள். 27 வருடம் ஒருவரே இருப்பது நல்லதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் ஒரு துறை பிறந்து, வளர்ந்து, ஆராய்ச்சி நிலையமாக நிமிரும் வரை பக்கத்திலிருந்து பார்க்க அவருக்கு வாய்த்தது. பிரசவம் பார்த்தவருக்குப் பத்து மாதக் கணக்கும் தெரியும், அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

அவருக்குப் பிறகு வந்த நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிக்கல்வித் துறையிலிருந்து வந்தவர். காமராசர் காலத்தில் பொதுக்கல்வி இயக்குநர்; மதிய உணவு, பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராக நடந்தவர். 1975 வரை அவர். அடுத்தவர் மால்கம் ஆதிசேசையா, யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்துவிட்டு ஊர் திரும்பிய பொருளாதார அறிஞர். ஒரே நாற்காலியில் அடுத்தடுத்து டாக்டர், பள்ளிக்கூட அதிகாரி, உலக நிறுவன நிர்வாகி. இன்றைய விதிகளின்படி இவர்களில் எத்தனை பேர் விண்ணப்பிக்கவே முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

மதுரை இன்னும் சுவையானது. 1966இல் அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார், அவரும் சட்டம் படித்தவர். அடுத்தவர் மு.வரதராசனார். மு.வ. என்றால் நமக்கு நாவலும் திருக்குறள் தெளிவுரையும்தான் நினைவுக்கு வரும். திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் அவர் எழுத்தராகத் தொடங்கியவர் என்பது பலருக்குத் தெரியாது. உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டுத் தமிழ் படித்தார். வித்துவான் தேர்வில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தார். மேற்பட்டங்களையும் தனியாகவே படித்து வாங்கினார். தாலுகா ஆபீசிலிருந்து துணைவேந்தர் அறைக்கு!

பின்னால் அதே பதவிக்கு வந்த வ.சுப. மாணிக்கனார், மேலைச்சிவபுரியிலிருந்து சிறு பிள்ளையாகப் பர்மாவுக்குப் போய் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். முதலாளிக்காகப் பொய் சொல்ல மறுத்ததால் வேலை போயிற்று. 'பொய் சொல்லா மாணிக்கம்' என்ற பெயர் மிஞ்சியது. அந்த வட்டிக்கடையும் ஒரு கல்விதான். விண்ணப்பக் கட்டத்தில் அதை எழுதியிருந்தால் யாராவது கோடு போட்டிருப்பார்கள்.

வெளியிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ரத்தினங்கள் என்று நான் சொல்லவில்லை. பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று ஒரு கல்வி நிலையத்தின் தலைமைக்கு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். பெயரும் வேண்டாம், இடமும் வேண்டாம். மூன்று வருடமும் சுற்றுச்சுவர் கட்டினார். நூலகத்துக்கு வந்ததே இல்லை. சுவர் உறுதியாகத்தான் இருக்கிறது. அதேபோல் உள்ளேயே வளர்ந்தவர்கள் எல்லாரும் கிணற்றுத் தவளைகளும் அல்ல. நம் பல்கலைக்கழகத்துக்கு 1992 முதல் 1998 வரை துணைவேந்தராக இருந்த வே.வசந்தி தேவி, அரசுக் கல்லூரிகளில் வரலாறு சொல்லிக்கொடுத்து வந்தவர். வகுப்பறைக்கு வெளியே இருந்த உலகத்தை அவர் பார்த்த அளவுக்கு வெளியிலிருந்து வந்தவர்களே பார்த்ததில்லை.

நடுவில் ஒரு காலம் கதவு சாத்தப்பட்டது. ஆய்வுப் பட்டம், தகுதித் தேர்வு, இத்தனை கட்டுரை, இத்தனை புள்ளி என்று வந்தது. தப்பென்று முழுக்கச் சொல்ல மாட்டேன். செல்வாக்குள்ளவரின் மைத்துனர் நேரே பேராசிரியராவதைத் தடுக்கவும் ஏதாவது ஒரு தாழ்ப்பாள் வேண்டும். ஆனால் மைத்துனரைத் தடுத்த தாழ்ப்பாள் சேதுப்பிள்ளைகளையும் சேர்த்தே தடுத்தது.

சாத்திய கதவின் இடுக்கில் நுழைந்த ஒருவர் உண்டு. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல் கி.ராஜநாராயணன். பள்ளிப் படிப்பையே முடிக்காத கரிசல்காட்டு விவசாயி. மழைக்குத்தான் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கினேன், அப்போதும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அவர் தன்னைப் பற்றிச் சொல்லும் வேடிக்கை. அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் 1980களின் இறுதியில் வருகைதரு பேராசிரியராக அழைத்தது. வட்டார வழக்குச் சொற்களுக்கு அதற்கு முன்பே தனி ஆளாக அகராதி செய்தவர் அவர். இங்கே ஆறு தொகுதி லெக்சிகனையும் நினைத்துக்கொள்ளுங்கள்: வக்கீல் நூல்களில் சாட்சி தேடினார், விவசாயி வாய்களில் தேடினார். மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பி நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். பட்டம் வாங்காதவரிடம் பட்டம் வாங்க வந்த பிள்ளைகள் பாடம் கேட்டார்கள். 2021இல் அவர் மறைந்தபோது அரசு மரியாதையோடு அடக்கம் செய்தோம்.

2022இல் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கு ஒரு விதியே செய்தது. 'நடைமுறைப் பேராசிரியர்' என்று நாம் சொல்லலாம். ஒரு துறையில் குறைந்தது 15 வருட அனுபவம் இருந்தால் போதும், பட்டம் கட்டாயமில்லை. மொத்தப் பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அதிகபட்சம் 4 வருடம். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு இதில் இரண்டு உறுத்தல்கள். நாலு வருடத்தில் என்ன செய்வது? வையாபுரிப் பிள்ளை லெக்சிகனில் மட்டும் பத்து வருடம் இருந்தார். சேதுப்பிள்ளை சென்னையில் கால் நூற்றாண்டு. பழைய தொழில் பாடமாக மாற நாள் பிடிக்கும். பால் உறைகிற மாதிரி, ஆட்டிக்கொண்டே இருந்தால் தயிர் ஆகாது. இன்னொன்று, அழைப்பு யாருக்குப் போகிறது? பெரிய கம்பெனி அதிகாரிக்கு உடனே போகிறது. நெசவாளிக்கு? குளத்து மடை பார்க்கிற நீர்ப்பாய்ச்சிக்கு? விதி அவர்களை விலக்கவில்லை. அழைக்கிறவரின் கண்ணுக்குத்தான் அவர்கள் படுவதில்லை.

துணைவேந்தர் பதவியையும் தொழில்துறை, பொது நிர்வாகம் ஆகியவற்றில் மூத்த பொறுப்பில் இருந்தவர்களுக்குத் திறந்துவிடலாம் என்று 2025 ஜனவரியில் அதே மானியக் குழுவின் வரைவு ஒன்று வந்தது. நம் சட்டமன்றம் மூன்றே நாளில் அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. இலட்சுமணசாமி முதலியாரையும் ஆதிசேசையாவையும் இவ்வளவு நேரம் புகழ்ந்த நான் அந்த வரைவை ஆதரிக்க வேண்டும் அல்லவா? ஆதரிக்கவில்லை. அவர்கள் எந்தத் தொழிலிலிருந்து வந்தார்கள் என்பதைப் போலவே, அவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் முக்கியம். அந்த வரைவில் தேடுதல் குழு வேந்தரான ஆளுநரின் கைக்குப் போகிறது, சண்டை அதில்தான். இந்தச் சண்டைக்கு நடுவில், 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்த பிறகு, சென்னைப் பல்கலைக்கழகத்தை ஆண்டுக்கணக்கில் ஓர் ஒருங்கிணைப்புக் குழு நடத்தியது. டாக்டரா, வக்கீலா, கம்பெனிக்காரரா என்று கேட்க நாற்காலியில் ஆள் இருந்தால்தானே.

இங்கிருந்து மத்தளம்பாறை எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். ஜோகோ நிறுவனம் 2011இல் அங்கே அலுவலகம் திறந்தபோது சிரித்தவர்களும் உண்டு. பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்து மென்பொருள் சொல்லித்தரும் பள்ளியையும் அவர்கள் நடத்துகிறார்கள், பட்டம் கிடையாது. அதைப் பல்கலைக்கழகத்துக்கு மாற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கம்பெனி தனக்கு வேண்டிய கைகளைப் பழக்குவது வேறு, வையாபுரிப் பிள்ளை செய்தது வேறு. ஆனால் தொழில் செய்கிறவரே சொல்லிக்கொடுக்கிறார் என்பது இந்த மண்ணில் புதிது அல்ல. அதற்குத்தான் கோர்ட்டிலிருந்து தொடங்கினேன்.

நேரமாகிவிட்டது. சாரல் வலுக்கிறது, தென்காசிக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் முன்வரிசையிலேயே நாலு பேர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். செயலாளர் அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் பேச்சை அச்சிடப் போவதாகச் சொன்னீர்கள். அதில் என் அறிமுகக் குறிப்பையும் போடுவீர்கள். பட்டங்களுக்கு முன்னால் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: 'கிராமக் கூட்டுறவுச் சங்கத்தில் நாலரை ஆண்டு கணக்கெழுதியவர்.' இடம் போதவில்லையென்றால் கட்டுரைகளின் எண்ணிக்கையை எடுத்துவிடலாம்.